விசாலம் பேசுவதற்கான ஏற்பாடுகள்

6 பிப்ரவரி, வியாழன்

காலையில் பனி. எதிர் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி மட்டும் அந்தரத்தில் நின்றது. பால் தாமதம். ரத்த அழுத்த மாத்திரை தீரப்போகிறது.

இன்று ஒரு வேலையைத் தொடங்குகிறேன். அலுவலகத்தில் புதுக் கோப்பு திறக்கும்போது செய்தது போல முதலில் குறிப்புகள். வரிசை மாறக் கூடாது.

1. நோக்கம்: மாதவி ஜூலை விடுமுறைக்குக் குழந்தையோடு பாரிசிலிருந்து இங்கே வர வேண்டும். "அம்மா அவங்க வாயால வான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்பா. அப்பதான் டிக்கெட் போடுவேன்" என்கிறாள். மகள் கேட்பதில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை.

2. தடை: வி. போனில் பேசுவதில்லை. கோபம் என்று மாதவி நினைக்கிறாள். கோபம் இல்லை, காது. இதை மாதவியிடம் சொல்லக் கூடாது என்று வி. என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

3. வி.க்குக் காது சற்று மந்தம், அவ்வளவே. ஒலியைப் போதிய அளவு கூட்டினால் கேட்கும். ஆகவே ஒலிக்கே முதலிடம். படம் இரண்டாம் பட்சம். இணைப்பு திணறினால் படத்தை நிறுத்திவிடலாம்.

4. கருவி: மாதவி சென்ற முறை விட்டுப் போன லேப்டாப். திரை பெரிது, சத்தம் சிறிது. தனி ஸ்பீக்கர் வாங்க வேண்டும். என் கைபேசி பொத்தான் வைத்தது, உதவாது.

5. இணைப்பு: கேபிள்காரர் கொடுத்த இன்டர்நெட். வரும்போது நன்றாக வருகிறது.

6. ஒத்திகை: முதலில் நானும் மாதவியும் மட்டும். எல்லாம் சரியான பிறகே வி.யிடம் சொல்வது.

7. பதறாமல் இருத்தல். (இது எனக்கு.)

வி. என்பது விசாலம். மனைவியின் பெயரை முழுதாக எழுத ஏனோ கூச்சம். தனியாக எழுதும்போதும்.

தடை பற்றி இன்னும் கொஞ்சம். ஐப்பசி மழையில் வி.யின் அண்ணன் வரிச்சிக்குடியில் காலமானார். மாதவிக்கு லீவு கிடைக்கவில்லை, வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் போனை வி.யிடம் கொடுத்தேன். "குழந்தைக்கு ரெண்டு நாளா காய்ச்சல்மா" என்று மாதவி சொல்லியிருக்கிறாள். வி. சொன்ன பதில்: "ரொம்ப சந்தோஷம்மா. நல்லா இருங்க. அப்பாகிட்ட குடுக்கறேன்."

போனை நான் வாங்கியபோது அந்தப் பக்கம் அழுகை. நான் ஏதோ சமாளித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

7 பிப்ரவரி, வெள்ளி

வெயில். கீழவாஞ்சூர்த் துறைமுகப் பக்கமிருந்து காற்று, ஜன்னல் கட்டையில் நிலக்கரித் தூசி. துடைத்தேன்.

ஜும்மா முடிந்து ரஃபீக் வந்தார். கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். சவூதியில் பல வருடம் இருந்து திரும்பியவர். தலை நரைத்த பிறகும் வேகமாகப் பேசுகிறார். லேப்டாப்பைத் திறந்ததும் முகம் சுருங்கியது.

"என்ன சார் இது, எல்லாம் பிரெஞ்சுல இருக்கு. எப்படி சார் படிக்கிறீங்க?"

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலில் படித்தவன், எனக்குப் பிரெஞ்சு வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எங்கேயோ போய் எதையோ தட்டி எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டார். முடித்த பிறகு சொன்னால் அவரைக் குறை சொல்வது போல ஆகும். நன்றி சொன்னேன்.

பேசும் செயலி ஒன்றை இறக்கிப் போட்டார். "பொண்ணு நம்பர், இல்லன்னா மெயில், ஏதாவது ஒன்னு போட்டீங்கன்னா மணி அடிக்கும். எடுத்தா பேச வேண்டியதுதான்."

பேசப் போவது யார் என்று கேட்டார். வீட்டம்மா என்றேன். சிரித்தார்.

"எங்க உம்மா இருக்காங்களே, நான் அங்க இருந்தப்ப வீடியோ போட்டா ஸ்கிரீன்ல காத வச்சுக்கும். எனக்கு எப்பப் பாத்தாலும் காதும் தோடும்தான் தெரியும். உம்மா, கொஞ்சம் மொகத்தக் காட்டும்மான்னா, மொகத்தக் காட்டுனா பேச்சு எப்படிடா கேக்கும்னு என்னையே ஏசும்."

நானும் சிரித்தேன். ஆனால் அந்த அம்மாள் சொன்னது சரி என்றே பட்டது. முகம் காட்டினால் யாருக்கும் கேட்டுவிடாது. குறிப்பு 3 சரியான பாதையில்தான் இருக்கிறது.

வி. காபி கொண்டு வந்தாள். ரஃபீக் குனிந்து ஒயரைச் செருகிக்கொண்டே, "சர்க்கரை வேணாம்மா எனக்கு" என்றார். வி. சர்க்கரை போட்ட டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். நல்ல மனிதர்.

8 பிப்ரவரி, சனி

மாத்திரை வாங்கியாயிற்று. புடலங்காய் நன்றாக இல்லை என்று வி.

காலை முழுவதும் வீண். லேப்டாப் திறக்கவில்லை. கடவுச்சொல் தவறு என்கிறது. மாதவி வைத்தது, மாம்பழம் என்பது ஆங்கில எழுத்தில். எனக்கு நன்றாகத் தெரியும். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. தவறு. மறுபடி. தவறு. பிறகு கொஞ்ச நேரம் காத்திருக்கும்படி சொல்லிப் பூட்டிக்கொண்டது.  எதையோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். என் கை பட்டால் அப்படித்தான்.

சாப்பிட்டுப் படுத்திருக்கும்போது தோன்றியது. எழுந்து வந்தேன். விருந்தினராக நுழைய இன்னொரு வழி ரஃபீக் வைத்திருந்தார். அதில் நுழைந்து வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து, தட்டும் எழுத்து விழுகிறதா என்று பார்த்தேன். A தட்டினால் Q. Z தட்டினால் W. M தட்டினால் அரைப்புள்ளி.

விசைகளின் மேல் அச்சடித்திருப்பது பிரெஞ்சு வரிசை. ரஃபீக் உள்ளே மாற்றி வைத்துவிட்டது ஆங்கில வரிசை. மேலே ஒன்று, உள்ளே ஒன்று. மாம்பழம் என்ற ஒரு சொல்லில் தகராறு எழுத்துகள் அத்தனையும் இருக்கின்றன. கடவுச்சொல்லை எழுதும்போது புள்ளி புள்ளியாகத்தான் விழும் என்பதால் தெரியவில்லை.

எனக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் அலுவலகத்தில் இருந்த தட்டச்சு இயந்திரங்கள் பிரெஞ்சு வரிசைதான். பிறகு ஆங்கில இயந்திரம் வந்தபோது மாதக்கணக்கில் A-க்குப் பதில் Q அடித்து மேலதிகாரியிடம் திட்டு வாங்கியவன் நான். காரைக்காலில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் வாங்கிய திட்டுதான்.

பிரெஞ்சு வரிசையை மீண்டும் வைத்தேன். மொழியையும். பட்டியல்கள் எல்லாம் பழைய பள்ளிப் பாடம் போல வரிசையாக வந்து நின்றன. மைக்குக்கு மிக்ரோ, கேமராவுக்குக் கமெரா. ரஃபீக்கிடம் சொல்லப் போவதில்லை.

வி. வாசல் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொல்ல வேண்டும் போல் இருந்தது. குறிப்பு 6 தடுத்தது.

10 பிப்ரவரி, திங்கள்

முருங்கைக்காய் சாம்பார். இணைப்பு இல்லை.

தெருவில் சத்தம் கேட்டு வெளியே போனேன். அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றிய லாரி எங்கள் தெருவுக்குள் வந்திருக்கிறது. லாரிக்கு மேலே இன்னொரு லாரி உயரத்துக்கு வைக்கோல். கேபிள் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு போய் மூன்றாம் வீட்டுக்கு எதிரே நிற்கிறது. பக்கத்து வீட்டுச் செல்வி வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணு இருக்கா இல்லையா? ஒயரு தொங்குறது தெரியல?"

டிரைவர் கீழே இறங்கவேயில்லை. "யக்கா, நா நேராத்தான் வந்தேன். ஒங்க ஒயருதான் கீழ எறங்கி வந்து என் வைக்கலக் கட்டிப் புடிச்சிருக்கு."

"சீரியல் ஓடிக்கிட்டிருந்துச்சுடா பாவி."

"அதுல நாளைக்கும் அதேதான் ஓடும், போய்ப் பாருங்க."

தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை பற்றிய கவலை. நேற்று மாதவி போனில் சொன்னது: "வர்ற ஞாயிறு வரைக்கும் பாக்கறேன்பா. திங்கக்கிழமை அவரு ஆபீஸ்ல லீவுக்கு எழுதிக் குடுத்தாகணும். அம்மா வான்னு சொல்லலன்னா நாங்க அவரு அண்ணன் வீட்டுக்குப் போயிடறோம். எனக்கு அங்க வந்து அம்மா மூஞ்சிய திருப்பிக்கிட்டு நிக்கறதப் பாக்க முடியாதுப்பா."

கேபிள்காரருக்குப் போன் செய்தேன். நாளைக்கு என்றார். நாளைக் காலையா மாலையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

செல்வி அப்படியே எங்கள் சுவரோரம் வந்து வி.யைக் கூப்பிட்டாள். அக்கா, அக்கா என்று. வி. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், முதுகைக் காட்டியபடி. செல்வி என்னைப் பார்த்தாள். பிறகு உரக்க, "பொண்ணு பாரிஸ்ல இருந்தா எங்களையெல்லாம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்க போல" என்றாள். வி. அப்போது தற்செயலாகத் திரும்பி, அவளைக் கண்டு, "எப்பம்மா வந்த? அடுப்புல குழம்பு, அதே நெனப்பா இருந்தேன்" என்றாள்.

அடுப்பில் ஒன்றும் இல்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

கேபிள்காரர் மாலையில் வந்தார். ஒயரை இன்னும் உயரமாகக் கட்டினார். அடுத்த லாரி இன்னும் உயரமாக வரும் என்றும் சொன்னார்.

வி. இன்று கோயிலுக்குப் போகவில்லை. கால் வலி. தைலம் தேய்த்தேன்.

காது டாக்டரிடம் போகலாம் என்று தை பிறந்ததும் சொல்லிப் பார்த்தேன். ஒரு முறைதான் சொன்னேன். காது கேட்காத அவள் அத்தையை மாமியார் வீட்டில் பட்டப்பேர் வைத்துத்தான் கூப்பிடுவார்களாம். சொந்தப் பேரையே மறந்துவிட்டார்களாம். "காதுல மெசின மாட்டிக்கிட்டா எல்லாருக்கும் தெரியும். மாதவிக்குத் தெரிஞ்சா அழுதுகிட்டே பிளைட்டு ஏறிடுவா. அப்படி அவ வர வேணாம். ஆசையா வரட்டும்." 

12 பிப்ரவரி, புதன்

பனி குறைவு. வி. மதியம் படுத்திருக்கும்போது ஒத்திகை.

படத்தை நிறுத்தி வைத்து, ஒலி மட்டும். மாதவிக்கு அங்கே காலை, வேலைக்குக் கிளம்பும் நேரம். எடுத்ததும் என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. கேக்குதா என்றேன். கொஞ்சம் கழித்து, கிணற்றுக்குள்ளிருந்து, கேக்குதா என்றது. நான் பயந்து நிறுத்திவிட்டேன். மறுபடி போட்டேன்.

"அப்பா, உங்க மைக்கும் ஸ்பீக்கரும் ஒட்டி இருக்கு போல. எனக்கு என் பேச்சே வருது."

"சத்தத்தக் குறைக்கவா?"

"குறைங்க. கேமராவும் போடுங்கப்பா. உங்களப் பாத்து எவ்வளவு நாளாச்சு."

"அது அப்பறம்மா. முதல்ல இது சரியாகட்டும்."

"நீங்க என்னவோ ராக்கெட்டு விடற மாதிரி பண்றீங்க."

ஒலி தெளிவு. ஆனால் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் கொசு பாடுவது போல. எனக்கே குனிந்தால்தான் கேட்கிறது.

கடைசியில் கேட்டாள்: "அம்மா என்னைப் பத்தி ஏதாவது பேசுவாங்களாப்பா?"

தினமும் பேசுகிறாள் என்றேன். உண்மை. நேற்றுகூட உன் பழைய பட்டுப் பாவாடையை எடுத்து வெயிலில் போட்டாள் என்றேன். அதுவும் உண்மை. அவள் நம்பவில்லை. நம்பும்படி எதையும் சொல்லும் திறமை எனக்கு எந்த நாளும் இருந்ததில்லை.

13 பிப்ரவரி, வியாழன்

மாசி பிறந்தது. பாயசம்.

திருநள்ளாறு சாலையில் ஸ்பீக்கர் விற்கும் கடைக்குப் போனேன். வீட்டுக்குப் போதும் அளவு என்று கேட்டேன். எவ்வளவு பெரிய வீடு என்றார் கடைக்காரர். கூடத்தில் ஒருவருக்குக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். கூச்சத்தில், கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும் என்றேன். பயறு மூட்டை உயரத்தில் இரண்டு பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

அதற்குக் கரண்டு தனி. கூடத்தில் மேசைக்குக் கீழே இருப்பது ஒரே பிளக். லேப்டாப்புக்கு முன்கூட்டியே சார்ஜ் ஏற்றிவிட்டு, ஸ்பீக்கரை அந்தப் பிளக்கில் போட வேண்டும். (நினைவில் வைக்க.)

நாகஸ்வரக் கச்சேரி ஒன்றைத் திரையில் ஓடவிட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்வி: "என்ன சார், வீட்ல கல்யாணமா? சொல்லவே இல்ல." குறைத்தேன். பிறகு, வி.க்காக, மறுபடி கூட்டினேன்.

அடுக்களைக்குப் போய் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். வி. திரும்பிப் பார்த்தாள். இது ஒரு பழக்கமாகிவிட்டது. யார் முதலில் தொடங்கியது, எப்போது என்று தெரியவில்லை. இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

கூடத்துக்கு வந்தாள். திரையைப் பார்த்தாள்.

"கேக்குதா?" என்றேன், அவளுக்கு எதிரே நின்று.

"நல்லா கேக்குது. தவில்காரரு என்னமா வாசிக்கிறாரு."

எனக்கு வந்த மகிழ்ச்சியை எழுதத் தெரியவில்லை. பாயசம் இன்னொரு டம்ளர் குடித்தேன், சர்க்கரை அளவு தெரிந்தும். குறிப்பு 3 நிரூபணமாகிவிட்டது. எஞ்சியிருப்பது வி.யிடம் சொல்வது மட்டும்.

இன்று சொல்லவில்லை. நாளை.

14 பிப்ரவரி, வெள்ளி

சொல்லவில்லை.

15 பிப்ரவரி, சனி

காலையில் இட்லிக்குப் பிறகு சொன்னேன். நாளை மதியம் மாதவியோடு கம்ப்யூட்டரில் பேச வேண்டும், எல்லாம் தயார் என்று.

"நான் வரல. நீங்களே பேசுங்க."

வழக்கமாக இதோடு நான் நிறுத்திக்கொள்வேன். இன்று நிறுத்தவில்லை. அவள் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மாதவி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள், ஞாயிறு தாண்டினால் என்ன ஆகும், காய்ச்சல் என்று அன்று சொன்னதற்கு அவள் சொன்ன பதில் என்ன, எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் விஷயம் அவளுக்கு இன்றுதான் தெரிகிறது. இத்தனை நாள் நான் சொல்லவில்லை.

அவள் புடவைத் தலைப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"புள்ளைக்குக் காய்ச்சல்ங்கறா, சந்தோஷம்னு சொல்லியிருக்கேன்."

"உனக்குத் தெரியாதுல்ல."

"நாளைக்கும் அதே மாதிரி எதையாவது சொல்லித் தொலைச்சா?"

"பெரிய ஸ்பீக்கர் வாங்கியிருக்கேன். முந்தாநாள் கேட்டியே, தவில்."

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. சொல்லவில்லை.

ஒரு ஏற்பாடு செய்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மேசைக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். ஒரு அழுத்து என்றால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். இரண்டு என்றால் இல்லை. மூன்று என்றால் 'அடடா'. இதைத் தாளில் எழுதிக் காட்டப் போனேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கல்யாணமான புதுசுலகூட என் கையப் புடிச்சது இல்ல. இப்ப மேசைக்கு அடியில புடிக்கிறாராம்."

"ஒத்துக்கறியா?"

"மெதுவாப் புடிங்க. வளையல் உடைஞ்சிடப் போவுது."

ஒத்துக்கொண்டாள். மாலையில் ஒரு தடவை ஒத்திகை பார்க்கலாமா என்றேன். போய் வேலையப் பாருங்க என்றாள்.

16 பிப்ரவரி, ஞாயிறு

எழுதும்போது மாலை.  வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் எல்லாவற்றையும் சரி பார்த்தேன். இணைப்பு இருக்கிறது. சார்ஜ் முழுசாக. ஸ்பீக்கர் பிளக்கில். சத்தம் உண்டு. குளிக்கப் போனேன். வந்தபோது வி. தலை பின்னிப் பூ வைத்து, மயில்கழுத்துப் பச்சைப் புடவையில் நின்றாள். கஞ்சி போட்ட மடிப்பு கலையாமல். படத்தை நிறுத்தித்தான் வைக்கப் போகிறேன், உன்னைத் தெரியாது என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள்.

மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். கையைப் பிடித்துக்கொண்டேன். மாதவி பெயர் மேல் அழுத்தினேன். படத்தை நிறுத்தும் பொத்தானை அமுக்க நினைத்து, பதற்றத்தில் பக்கத்தில் எதையோ அமுக்கியிருக்கிறேன். திரை முழுவதும் மாதவியின் முகம். இவ்வளவு பெரிதாக அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. வாய் அசைகிறது. சத்தம் இல்லை.

ஒலியைக் கூட்டினேன். இல்லை. முழுவதும் கூட்டினேன். இல்லை. குறிப்பு 7 போன இடம் தெரியவில்லை. வி.யின் கையை விட்டுவிட்டு மேசைக்கு அடியில் இறங்கினேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மெதுவாகத்தான் இறங்க முடிந்தது. அங்கே பிளக்கில் இஸ்திரிப் பெட்டி. ஸ்பீக்கர் ஒயர் தரையில் கிடந்தது. நான் குளிக்கப் போனபோது அந்தப் புடவையைத் தேய்த்திருக்கிறாள்.

இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். அப்போது மேலே வி. பேசத் தொடங்கினாள். நம் பக்கத்து மைக் லேப்டாப்பிலேயே இருப்பது, அது வேலை செய்துகொண்டிருந்தது. இவள் பேசுவது அங்கே போகிறது. அங்கே பேசுவது இங்கே வரவில்லை. கூடத்தில் வி.யின் குரல் மட்டும்.

"முடிய ஏன்டி இப்படிக் கத்திரிச்சிக்கிட்ட?"

அமைதி.

"என்னது... அதுக்குன்னு காது தெரியற மாதிரியா? ... ம். ... ம். சரி, நல்லாத்தான் இருக்கு."

அமைதி.

"எங்கயோ பாத்துக்கிட்டுப் பேசாதடி. என்னைப் பாத்துச் சொல்லு. ... ஆங். இப்ப சொல்லு."

நான் மேசைக்கு அடியில், கையில் ஸ்பீக்கரின் பிளக்கோடு.

"புள்ள எங்க? ... இங்க வரச் சொல்லு. ... அய்ய, பல்லு விழுந்துடுச்சா. ... அன்னிக்குக் காய்ச்சல்னு சொன்னியாமே. எனக்கு அப்பாதான் நேத்து சொன்னாங்க. லைன் சரியில்லடி அன்னிக்கு, ஒன்னுமே வெளங்கல. புள்ளைக்குக் காய்ச்சல்னா நான் சந்தோஷம்னு சொல்லுவேனா? உனக்குக் கூடவா தெரியல?"

நீண்ட அமைதி. பிறகு,

"அழுவாத. ... மூக்கத் தொடை. ... மாமா காரியத்துக்கு வரலன்னு யாருடி கோவிச்சிக்கிட்டா? உனக்கு லீவு இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

அமைதி.

"கேக்குது, நல்லா கேக்குது. அப்பா அம்மாம் பெரிய ஸ்பீக்கரு வாங்கிப் போட்டிருக்காங்க, தெருவுக்கே கேக்கும்."

பிளக்கைப் பார்த்தேன். அது என் உள்ளங்கையில் இருந்தது.

அவள் இட்டுக்கட்டவில்லை. சத்தம் இல்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. நாங்கள் உட்கார்ந்ததிலிருந்து கூடத்தில் எதுவும் ஒலிக்கவில்லை என்பதை அவள் கவனிக்கவே இல்லை. நான் எதற்காகக் கீழே இறங்கினேன் என்றும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

மேலே,

"ஸ்கூல் எப்ப லீவு? ... அப்ப ஜூலையில வா. ... வான்னா வா. பத்திரிகை வச்சுக் கூப்பிடணுமா உன்னை? ... வாடி. உன்னைப் பாக்கணும்."

சொல்லிவிட்டாள். இந்தப் பத்து நாளும் நான் காத்திருந்த சொல். அதைக் கேட்கும்போது நான் நாற்காலிக் கால்களுக்கு நடுவே இருந்தேன்.

பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டேன். ஒலியை முழுவதும் கூட்டி வைத்திருந்ததை மறந்துவிட்டேன். மாதவியின் குரல் கூடம் முழுவதும் வெடித்தது. "...இன்னிக்கே டிக்கெட் போட்டுடறேன்மா." ஜன்னல் அதிர்ந்தது. தெருவில் நாய் குரைத்தது. நான் துள்ளி மேசையில் தலையை இடித்துக்கொண்டேன். எழுந்து பார்த்தேன். வி. இமைக்கவில்லை. அதே முகம், அதே சிரிப்பு, திரையில் மகளின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல், "போடு, போடு" என்றாள்.

ஒலியைக் குறைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கை மடியில் இருந்தது. மேசைக்கு அடியில் வரவில்லை, தேவையும் இருக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, "ஜூலை மொத வாரம் வர்றாளாம். புள்ளைக்கு மேல் பல்லு விழுந்திருக்காம்" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

அவள் பால் வைக்க எழுந்து போனதும் மாதவி குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, அம்மா என் வாயையே பாத்துக்கிட்டிருந்தாங்க."

 சத்தியம் செய்திருக்கிறேன்.

"குனிஞ்சு புள்ளையத் தூக்கும்போது நான் பேசினேன். அதுக்கு மட்டும் பதிலே வரல."

நான் மேசை விரிப்பைச் சரி செய்தேன்.

"சரிப்பா. நான் கேக்கல. நீங்க சொல்லவும் வேணாம்." மூக்கை உறிஞ்சினாள். "இனிமே கேமரா இல்லாம மட்டும் கூப்பிடாதீங்க. எனக்கு உங்க ரெண்டு பேரையும் பாக்கணும்."

வைத்துவிட்டாள்.

தினமும் காலையில் நாளிதழை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வி.க்குச் செய்திகளைப் படித்துச் சொல்கிறேன். அவள் அரிசி பொறுக்கியபடி நடுநடுவே 'ம்' என்பாள். எத்தனை வருடமாக வெறும் தாளைப் பார்த்து 'ம்' சொல்லியிருக்கிறாள் என்று தெரியவில்லை. எனக்கு வருத்தமாக இருக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பாள்.

இப்போது அடுக்களையில் ஏதோ பாடிக்கொண்டிருக்கிறாள். சுருதி சேரவில்லை. நான் போய்ச் சொல்லப் போவதில்லை.

குறிப்பு 3 தவறு. சற்று மந்தம் அல்ல. படம் இரண்டாம் பட்சமும் அல்ல.